நான் அழுத்திய பொத்தான்

உப்பளத்தில், விளையாட்டு அரங்கத்துக்குப் போகிற சாலையில், முதல் மாடியில் இருக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் பதின்மூன்று வருடங்களாக வேலை பார்க்கிறேன். பழைய பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழிலும், தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்துக் கொடுப்பது எங்கள் தொழில். பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, ஓய்வூதியக் கடிதம், எப்போதாவது ஒரு உயில். வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு விண்ணப்பத்துக்காக வருவார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த காகிதத்தை மேசையில் வைக்கும்போது, கைக்குழந்தையை டாக்டரிடம் கொடுப்பதுபோலக் கொடுப்பார்கள்.

அப்போது அலுவலகத்தில் மூன்றே பேர். உரிமையாளர் அம்மாளை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடம் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு இதைத் தொடங்கியவர். அடுத்தவள் நான். எனக்கு நாற்பத்தாறு வயது. மூன்றாவதாக ஒரு பெண். வீராம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர். அந்த வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கல்லூரியில் விருப்பப் பாடமாக எடுத்து, பிறகு தானாகவே படித்து, எங்களிடம் தட்டச்சு செய்ய வந்து, நான்கு வருடத்தில் சிறு காகிதங்களை அவளே மொழிபெயர்க்கும் அளவுக்கு வந்துவிட்டாள். என்னை அக்கா என்பாள். மதியச் சாப்பாட்டின்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கணினியில் பாட்டு கேட்பாள். அது மதாமுக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒன்றும் சொல்லமாட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில் நடந்தது இது. அவர்கள் ஊர் அம்மன் தேருக்காக அந்தப் பெண் வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு போட்டிருந்தாள். ஸ்கேனர் அவள் கணினியில்தான் இணைக்கப்பட்டிருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான் அவள் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தேன்.

பிற்பகலில் ஒரு பழைய சொத்துப் பத்திரத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து நோட்டரிகள் மட்டும் பயன்படுத்திய சொல். அகராதியில் இல்லை. மதாம் கீழே போயிருந்தார். இணையத்தில் தேடினேன். சட்டச் சொற்களுக்கான இலவசப் பிரெஞ்சு அகராதி ஒன்று வந்தது. அதைத் திறந்ததும் பக்கம் முழுவதும் மங்கலாகி, நடுவில் வெள்ளையாக ஒரு பெட்டி எழுந்தது. நாங்கள் தினமும் பயன்படுத்துகிற ப்ரவுசரின் படம் அதன் தலைப்பில் இருந்தது. 'உங்கள் ப்ரவுசர் பழையதாகிவிட்டது. தொடர்ந்து பார்க்க, தயவுசெய்து இப்போதே அப்டேட் செய்யவும்' என்று நல்ல பிரெஞ்சில் எழுதியிருந்தது. கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான்.

நல்ல பிரெஞ்சு என்று சொன்னேன். முழுக்க நல்ல பிரெஞ்சு அல்ல. அந்தப் பொத்தானில் இருந்த மூன்று சொற்களில், நடுச் சொல்லின் ஒற்றை எழுத்துக்கு மேல் ஒரு சாய்கோடு வரவேண்டும். வரவில்லை. பதின்மூன்று வருடமாக அந்தக் கோடுகளைத் திருத்தித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். பார்த்த உடனே என் கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு கோடு போடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

ஒரு கோப்பு இறங்கியது. அதைத் திறந்தேன். இந்த மென்பொருள் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கணினி கேட்டது. அது கணினியே கேட்ட கேள்வி. எனக்காகக் கேட்ட கேள்வி. ஆம் என்று கொடுத்தேன். கறுப்பாக ஒரு சிறு ஜன்னல் திறந்து, நான் படிப்பதற்குள் மூடிக்கொண்டது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அகராதிப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு வேண்டிய சொல்லும் அதில் இருந்தது. அன்று சாயங்காலம், கடினமான பத்திரம் ஒன்றை முடித்துவிட்ட திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை நான் படியேறும்போதே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"அக்கா, சீக்கிரம் வாங்களேன். இன்னான்னு தெரியல, எதுவும் தொறக்க மாட்டேங்குது."

அவள் கணினியில் இருந்த எல்லாக் கோப்புகளின் பெயர்களும் அப்படியே இருந்தன. பெயருக்குப் பின்னால் மட்டும் அர்த்தமில்லாத சில எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதைத் திறந்தாலும் பிழை. ஒரே ஒரு கோப்பு மட்டும் திறந்தது. அதில் ஆங்கிலத்தில், உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. என் கணினியில் பார்த்தேன். அங்கும் அதுவே. மதாமின் கணினியிலும் அதுவே. எல்லாவற்றுக்கும் நகல் வைப்பதற்காக வாங்கிய ஹார்ட் டிஸ்க், எப்போதும் அவள் கணினியில் செருகியே இருக்கும். அதையும் பூட்டியிருந்தார்கள்.

பதினோரு வருடத்து வேலை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காகிதங்கள். மதாம் கதவருகே நின்றபடி ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். உட்காரவே இல்லை.

மதியத்துக்குள் டெக்னீஷியன் வந்தார். எங்களுக்குப் பழக்கமானவர்தான், பிரிண்டர் ரிப்பேர் என்றாலும் அவர்தான் வருவார். மூன்று கணினிகளையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது தானா வர்றது இல்ல மதாம். யாரோ அப்டேட்டுன்னு நெனச்சு டூப்ளிகேட் ஒண்ண ஓட்டியிருக்காங்க. வெப்சைட்ல பாக்கும்போது பெட்டி மாதிரி வரும். இந்த சிஸ்டத்துல ஆரம்பிச்சு மத்த ரெண்டுக்கும் போயிருக்கு."

அவர் விரல் அந்தப் பெண்ணின் கணினியைக் காட்டியது.

"எப்ப?" என்று மதாம் கேட்டார்.

"சொல்ல முடியாது. சிலது ஒரு நாள்ல வேலையக் காட்டும். சிலது மாசக் கணக்குல சும்மா உக்காந்திருக்கும்."

மதாம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போய் நின்ற இடம் மேசை மேல் கிடந்த ஹெட்போன்.

"நான் எதையும் அமுக்கல மதாம்," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் அப்டி எதுனா பண்றவளா? நீங்க சொல்லுங்கக்கா."

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பெட்டி, நீலப் பொத்தான், கோடு இல்லாத எழுத்து, கறுப்பு ஜன்னல். நான் சொன்னேன்:

"எனக்கு எப்டிம்மா தெரியும்?"

இந்த மூன்று வார்த்தைகளை இதுவரை யாருக்கும் எழுதிக் காட்டியதில்லை. இப்போது எழுதும்போதும் கை நிற்கிறது. பயத்தில் வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அடுத்து நான் செய்தது வாய் தவறிச் செய்ததல்ல.

மதாம் வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ய உள் அறைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே முகம் கழுவப் போனாள். நானும் டெக்னீஷியனும் மட்டும் இருந்தோம். அவர் கேட்டார்:

"டவுன்லோடு ஆன தேதிய எடுக்க முடியுதான்னு பாக்கலாம் மேடம். கொஞ்ச நேரம் ஆவும். பாக்கவா, இல்ல நேரா ஃபார்மட் பண்ணிடவா? கோப்பு திரும்பக் கெடைக்கப்போறது இல்ல."

தேதி வெளியே வந்தால் வெள்ளிக்கிழமை என்று வரும். வெள்ளிக்கிழமை அவள் ஊரில் தேர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபார்மட் பண்ணிடுங்க," என்றேன். "சீக்கிரம் வேலை ஆரம்பிக்கணும்."

அவர் பண்ணிவிட்டார்.

மதாம் கெட்டவர் அல்ல. அவளைத் திட்டவில்லை. மாலையில் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா. நான் சொல்லி அனுப்பறேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அந்தப் பெண் தன் பணத்தில் வாங்கி வைத்திருந்த தடிமனான அகராதியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. படியில் அவள் செருப்புச் சத்தம் கீழே போய் முடிகிறவரை நான் என் மேசையில் ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; எழுபது வயதைத் தாண்டியவர். அவர் அம்மா வயிற்றில் அவரைச் சுமந்துகொண்டிருந்தபோது, அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரவில்லை. வந்தது அவருடைய ராணுவச் சேவைப் புத்தகம் மட்டும். உள்ளங்கை அளவு புத்தகம். அதில் ஒரு போட்டோ. அப்பாவின் முகத்தை அவர் பார்த்ததெல்லாம் அந்தப் போட்டோவில்தான். முந்தின வருடம் பேரனின் விண்ணப்பத்துக்காக அதை எங்களிடம் கொண்டுவந்திருந்தார். பெயரும் படைப்பிரிவும் இருக்கிற முதல் இரண்டு பக்கங்களை மொழிபெயர்த்தால் போதும் என்று அப்போது சொன்னார். நான் புத்தகம் முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தை மட்டும் முடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த பெருமழையில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. புத்தகம் கூழாகிவிட்டது. ஆடி பிறப்பதற்கு முன் அவர் எங்களிடம் வந்து, "ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் இல்லம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்று காட்டினோம். திரையில் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் சட்டைத் துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மீதிப் பக்கங்களையும் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் போட்டோவின் கறைகளைக் கணினியில் நீக்கிப் பெரிதாக அச்சிட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாள். தேர் முடிந்து வந்ததும் முதல் வேலை அதுதான் என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அதற்காகத்தான் வந்திருந்தார். மதாம்தான் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை.

"தண்ணி கிண்ணி பூந்துடுச்சா?" என்றார்.

"இல்லைங்க. யாரோ வெளியிலிருந்து பூட்டிட்டாங்க."

"தொறக்கிற ஆளு யாரும் இல்லியா?"

இல்லை என்று மதாம் தலையசைத்தார். நான் அவசரமாக மெயிலைத் தேடினேன். அந்தப் பெண் முன்பு அவர் பேரனுக்கு அனுப்பிய பழைய மெயில் ஒன்றில் முதல் இரண்டு பக்கங்கள் இருந்தன. அவற்றை அச்சிட்டுக் கொடுத்தேன். போட்டோ இருந்த பக்கம் அதில் இல்லை. அவர் இரண்டு காகிதத்தையும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று பார்ப்பதுபோல. பிறகு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த ஞாயிறு மாதா கோயிலில், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். நிற்க நிற்க ஒன்று புரிந்தது. மரச்சட்டத்துக்கு அப்பால் இருக்கிற ஒருவரிடம் சொல்வது எனக்குச் சுலபம். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். சொல்லி, மன்னிப்பு வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை அதே நாற்காலியில் போய் உட்காரலாம். வீராம்பட்டினத்தில் ஒருத்தி அப்படியே இருப்பாள். வரிசையிலிருந்து விலகி வெளியே வந்தேன். நேராக அவள் வீட்டுக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

இப்படியே மூன்று வாரம் போயிற்று. கையில் மீதமிருந்த காகிதப் பிரதிகளிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் காலை மதாமுக்கு ஒரு போன் வந்தது. நகரத்தில் எங்களைப்போலவே மொழிபெயர்ப்பு செய்கிற இன்னொரு அலுவலகம். அந்தப் பெண் அங்கே வேலை கேட்டிருக்கிறாள். இவள் எப்படி என்று விசாரித்தார்கள். மதாம் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நல்ல பொண்ணு. பிரெஞ்சு நல்லா வரும். ஆனா கம்ப்யூட்டர்ல கவனம் பத்தாது. நீங்க கொஞ்சம் பாத்துக்கணும்."

போனை வைத்ததும் நான் எழுந்துபோய் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"மதாம், அது அவ இல்ல. நான்தான்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அகராதிப் பக்கம், பெட்டி, பொத்தான். தேதியைப் பார்க்கவா என்று டெக்னீஷியன் கேட்டது, நான் வேண்டாம் என்றது. கடைசியில் சொன்னதுதான் வெளியே வருவதற்கு அதிக நேரம் எடுத்தது.

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மதாம்."

"நான் அவளை வீட்ல இருன்னு சொன்னப்போ, நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கீழே சாலையில் ஒரு ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னார்:

"அமுக்கினது பெரிய தப்பில்ல. நானா இருந்தாலும் அமுக்கியிருப்பேன். மத்தது..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. "நானும் ஒரு கேள்வி கேக்கல அவளை. அந்த ஹெட்போனைப் பாத்தேன், முடிவு பண்ணிட்டேன்."

என் கண் முன்னாலேயே போனை எடுத்து அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டார். "கொஞ்சம் முன்னாடி அந்தப் பொண்ணைப் பத்தி நான் சொன்னது தப்பு. தப்பு எங்க பக்கம். அவ மேல ஒண்ணுமில்ல" என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு என்னிடம், "இன்னைக்கே போ. நான் நாளைக்கு வரேன்னு சொல்லு. நீ மொதல்ல போ" என்றார்.

அரியாங்குப்பம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். அவள் வீடு எனக்குத் தெரியும். முன்பு ஒரு முறை தேருக்கு அவள் கூப்பிட்டபோது போயிருக்கிறேன். கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால், நீலச் சுண்ணாம்பு அடித்த வீடு. அவள் அம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்பி, வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். முகத்தில் வரவேற்பும் இல்லை, கோபமும் இல்லை.

அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் அங்கேயே நின்று சொன்னேன்.

"நான்தான் அத அமுக்கினேன்மா. அந்த வெள்ளிக்கெழம. ஒன் கம்ப்யூட்டர்ல."

"தெரியும்க்கா," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"திங்கக்கெழம வந்து ஒக்காரும்போதே தெரியும். நாற்காலி ஒசரமா இருந்திச்சு. ஒங்களுக்கு முட்டி வலின்னு நீங்கதான் அப்டி ஏத்தி வெச்சு ஒக்காருவீங்க. அப்பறம் அந்த ஆளு அப்டேட்டுன்னு சொன்னதும் புரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"அதுக்குத்தான் ஒங்களப் பாத்துக் கேட்டேன். நீங்க சொல்லுங்கன்னு."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நானா சொன்னா யாரு நம்புவாங்கக்கா? நீங்க பதினோரு வருஷமா இருக்கீங்க. நான் லஞ்சுல பாட்டு கேக்கறவ."

அவள் அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். போகும்போது, "வெயில்ல நிக்க வைக்காத, உள்ள கூப்புடு" என்றார். அவள் கூப்பிட்டாள். நான் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். மதாம் நாளைக்கு வருவார், திரும்ப வேலைக்கு வரச் சொல்வார் என்று சொன்னேன்.

"மதாம் வந்தா மரியாதையா பேசுவேன். ஆனா வரமாட்டேன்க்கா. அந்த நாற்காலியில இனிமே ஒக்கார முடியாது என்னால."

"என்கிட்ட பேசுவியா?"

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "பேசுவேன். முன்ன மாதிரி இருக்காது."

அவள் சொன்னபடியே ஆயிற்று. விசாரித்த அந்த அலுவலகத்திலேயே வேலை கிடைத்தது. இப்போது அங்கே அவளுக்குக் கீழ் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் அனுப்புவாள். அவளாக அனுப்பியதில்லை.

மதாம் என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. ஆனால் இரண்டு வேலைகள் கொடுத்தார். முதலாவது, அந்தக் கணினியில் யார் யாருடைய காகிதம் இருந்ததோ அவர்களில் முகவரி தெரிந்த எல்லோரையும் பார்த்து நடந்ததைச் சொல்வது. காகிதங்களைப் பூட்டியவர்கள் பிரதி எடுத்தும் வைத்திருக்கலாம். உங்கள் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் சொல்லி யாராவது போன் செய்தால் நம்பாதீர்கள் என்று எச்சரிப்பது. வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும், எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான்தான் அழுத்தினேன் என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒரு அம்மாள், "எனக்கும் அதே மாதிரி போன்ல வந்துச்சே, நானும் அமுக்கிட்டேனே" என்று பயந்துபோய்த் தன் போனை என்னிடம் நீட்டினார். நல்லவேளையாக அதில் ஒன்றும் இறங்கியிருக்கவில்லை.

இரண்டாவது, இனி அலுவலகத்துக் கணினிகள் என் பொறுப்பு. டெக்னீஷியனிடம் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் முக்கியமானது மிக எளிமையானது: ஒரு வலைப்பக்கம் உங்கள் மென்பொருள் பழையது என்று சொன்னால் அதை நம்பக்கூடாது, அந்தப் பக்கத்தை மூடிவிடவேண்டும். உண்மையிலேயே அப்டேட் இருக்கிறதா என்று அந்த மென்பொருளின் அமைப்புகளுக்குள் நாமே போய்ப் பார்க்கவேண்டும். பெட்டி நம்மைத் தேடி வந்தால் சந்தேகப்படவேண்டும். நகல் வைக்கிற டிஸ்க்கை இப்போது வேலை முடிந்ததும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். புதிதாக எதையும் நிறுவ வேண்டுமென்றால் தனிக் கடவுச்சொல் கேட்கும். அது மதாமிடம் மட்டும் இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டுதான் அப்படி வைத்தோம்.

பஞ்சாலைப் பெரியவரின் வீட்டுக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியாகப் போனேன். தண்ணீர் ஏறிய கறை சுவரில் இன்னும் கோடாகத் தெரிந்தது. நாற்காலியில் உட்காரவைத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். என்மேல் கோபப்படவில்லை. அடுத்து அவர் கேட்டது நான் எதிர்பாராதது.

"அந்தப் போட்டோவ நான் கண்ண மூடினாலும் பாப்பேன்மா. அது போனா போவுது. எதிர்ப் பக்கத்துல நெறைய எழுதியிருந்திச்சே, அது இன்னா? எனக்கும் பிரெஞ்சு படிக்கத் தெரியாது, எங்கம்மாவுக்கும் தெரியாது. நீ படிச்சியா?"

படித்திருந்தேன். ராணுவத்தில் சேருகிறவனை அடையாளம் காட்டுகிற பக்கம் அது. முடி, கண், நெற்றி, மூக்கு, உயரம், தழும்பு என்று ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். பூட்டப்படுவதற்கு முன்பு அதைத் தமிழில் எழுத ஆரம்பித்துமிருந்தேன். அந்த மனிதர் எப்படி இருந்தார் என்று எழுதியதைப் படித்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

"ஞாபகம் இருக்கறத சொல்றேன்யா," என்றேன்.

அவர் எழுந்து போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தார். "எழுதிக் குடுத்துடு."

எழுதினேன். முடி கறுப்பு. கண் கறுப்பு. நெற்றி அகலம். முகம் நீள்வட்டம். இடது காதுக்குக் கீழே தீப்பட்ட தழும்பு. இந்தக் கடைசி வரி நன்றாக நினைவிருந்தது. தழும்புக்கு அவர்கள் எழுதியிருந்த சொல்லுக்குச் சரியான தமிழ் என்ன என்று அன்று நெடுநேரம் யோசித்திருந்தேன்.

"ஒசரம்?" என்றார். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் ஒசரம் இருப்பாரா?"

ஒரு மீட்டர் அறுபது என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு ஓர் எண் இருந்தது. மூன்றா, எட்டா, நினைவில்லை. ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். உங்கள் உயரம்தான் என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். யாராலும் சரிபார்க்க முடியாது.

"தெரியலய்யா," என்றேன். "ஒரு மீட்டர் அறுபதுக்கு மேல. அதுக்கப்பறம் இருந்த நம்பர் எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் தலையாட்டினார். அறுபது என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டேன். அவர் நோட்டை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்து, ஒவ்வொரு வரியாக உதடு அசைய வாசித்தார். தழும்பு இருந்த வரியில் நின்றார். தன் இடது காதுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டார்.

"போட்டோல அந்தப் பக்கம் இருட்டா இருக்கும்," என்றார். "எங்கம்மா இத எங்கிட்ட சொன்னதே இல்ல."